நாலு புள்ளிக் கிண்ணம்

பத்மஜா இருபது நிமிடம் தாமதம். எதற்கும் தாமதமாகப் போய்ப் பழக்கமில்லாதவள். ஆனால் கிடர்பூர்ப் பாலத்தின் மேல் இரண்டு லாரிகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றபோது, பின்னால் மாட்டிக்கொண்ட பஸ்ஸுக்குள் உட்கார்ந்து அவளால் கைக்கடிகாரத்தை மட்டும்தான் முறைக்க முடிந்தது.

மரக்கடைசல் சொல்லித்தரும் பட்டறை, துறைமுகச் சுவரை ஒட்டிய சந்தில், ஒரு பழைய கிடங்கின் பின்கட்டில் இருந்தது. வாசல் காவலாளி, "உள்ளே இருக்கார், போங்க" என்று கட்டைவிரலால் வழி காட்டிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தான்.

உள்ளே மரத்தூள் வாசனை. நடுவில், இரும்பு மேசைமேல், கடைசல் இயந்திரம். அதன் எதிரே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். வெள்ளைத் தாடி, தடிக் கண்ணாடி, துவைத்துத் துவைத்து மிருதுவாகிப்போன கதர் ஜிப்பா. நல்ல வைத்தியர் நாடி பிடிப்பதற்கு முன் நோயாளியைத் தொடாமலே பார்ப்பாரே, அப்படி அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிக்கணும் மாஸ்டர்மொஷாய். பாலத்துல ஒரே டிராஃபிக்."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். முகம் மலர்ந்தது. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க? நாற்பது வருஷமா எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடறாங்க!"

நாற்பது வருஷம்! பத்மஜாவுக்குக் கைகள் தாமாகக் குவிந்தன.

"நீங்க தாமதமே இல்லை திதிமணி. நான்தான் ஆர்வக் கோளாறுல சீக்கிரம் வந்துட்டேன்" என்றவர், பையிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து இரண்டு கைகளாலும் நீட்டினார். உள்ளே ஆறு சந்தேஷ். "முதல் நாள். வெறுங்கையா இருக்கக் கூடாது பாருங்க."

சொல்லிக்கொடுப்பவர் கற்றுக்கொள்ள வந்தவளுக்கு இனிப்புக் கொடுத்து ஆரம்பிக்கிறார். பத்மஜா ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். இனிப்பு பாதி, நெகிழ்ச்சி பாதி.

அவர் பேசியது வங்காளம். அதில் மாஸ்டர்மொஷாய் என்றால் வாத்தியார் ஐயா; திதிமணி என்றால், அவளுக்குத் தெரிந்தவரை, அக்கா. அவள் பேசியது, வங்காளம் என்று பதினோரு வருஷமாக அவள் நம்பிக்கொண்டிருந்த ஒன்று. ஆனாலும் இருவருக்கும் புரிந்தது.

பத்மஜாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். அவள் அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் தணிக்கை அதிகாரி. இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் செய்ததில் தப்புக் கண்டுபிடிப்பதே வேலை. அவள் ஆட்சேபம் எழுதாத கோப்பு இல்லை. அவள் ஆட்சேபத்துக்கு அஞ்சாத மேசையும் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்த புதிதில், வரவேற்பு மாலையிலேயே ஒரு பூ வாடியிருப்பதைச் சுட்டிக்காட்டியவள்.

இந்தத் திறமை அலுவலகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நீச்சல் கற்கப் போனாள். பயிற்சியாளர் தொப்பை தண்ணீருக்கு மேலேயே நிற்கிறது என்று கண்டுபிடித்து முதல் நாளே திரும்பினாள். கேக் வகுப்பில், சொல்லிக்கொடுத்த அம்மாள் மாவை அளந்த கிண்ணமே நெளிந்திருந்தது. வயலின் வாத்தியாருக்கு வயலினே சுருதி சேரவில்லை. மூன்று கலைகள், மூன்று நாட்கள்.

அதனால்தான் இன்று காலை கிளம்பும்போது மகள் மஹிமா கேட்டாள்: "ம்மா, இந்த வாத்தியார் எத்தனை நிமிஷம்?"

கணவர் ராஜ்மோகன் செய்தித்தாளைத் தாழ்த்தாமலே சிரித்தார். செய்தித்தாள் குலுங்கியதில் தெரிந்தது.

"ஏனுங்க, சிரிக்காதீங்க. ராத்திரி தயிர் சாதத்துக்கு ஏனம் எதுவும் எடுத்து வெக்க வேண்டாம். நான் என் கையால கடைஞ்ச கிண்ணத்தோடதான் வருவேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஐம்பத்திரண்டு வயதில், தன் கையால் முழுசாகச் செய்த பொருள் என்று சொல்லிக்கொள்ள அவளிடம் ஒன்றுமே இல்லை. அடுத்தவர் செய்ததில் சிவப்பு மையால் போட்ட வட்டங்கள்தான் இருந்தன.

பட்டறையில், மாஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டு மரியாதையாகக் காத்திருந்தார். தயாராகத்தான் வந்திருக்கிறாள் என்று காட்ட வேண்டுமே! பத்மஜா கைப்பையிலிருந்து நாலு பக்கம் அச்சடித்த பாதுகாப்பு விதிகளை எடுத்து உரக்கப் படித்தாள்.

"ஒண்ணு, தொங்கற துணி கூடாது."

மாஸ்டர் உடனே ஜிப்பாவின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ரெண்டு, கடிகாரம், மோதிரம் கூடாது."

கடிகாரத்தைக் கழற்றினார். மோதிரம் வரவில்லை. சுவரோரமிருந்த குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு உருவிக்கொண்டு வந்தார்.

"மூணு, கண்ணுக்குக் கண்ணாடி."

பத்மஜா இரண்டு கொண்டுவந்திருந்தாள். ஒன்று உடைந்தால் இன்னொன்று. மாஸ்டர் அதில் ஒன்றை வாங்கி, தன் தடிக் கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். கண்கள் கொழுக்கட்டை அளவுக்குத் தெரிந்தன.

நாற்பது வருஷ அனுபவம். ஆனாலும் ஒரு புது ஆள் விதியைப் படித்தால், விதி விதிதான் என்று பணிந்து நிற்கிறார்! அலுவலகத்தில் துணை இயக்குநருக்குக்கூட இந்தப் பண்பு கிடையாது.

"எந்தக் கட்டை?" என்று மாஸ்டர் மூலையைக் காட்டிக் கேட்டார். "நீங்களே சொல்லுங்க."

சோதிக்கிறார். பத்மஜா, லேக் மார்க்கெட்டில் தேங்காய் வாங்குவதுபோல் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்து, காதில் வைத்து, தோசைக்கல் அகலத்துக்கு இருந்த ஒரு மாமரத் துண்டை எடுத்தாள்.

"பாஹ்!" என்றார் மாஸ்டர்.

அந்த ஒரு சொல்லில் அவளுக்கு ஓர் அடி உயரம் கூடிற்று.

மரத்தின் அடியில் ஓர் இரும்புத் தட்டை வைத்து நாலு திருகாணி போட்டு முடுக்கி, தட்டை இயந்திரத்தில் திருகினார்கள். திருகாணி எந்த அளவு என்று அவள் கேட்டபோது, "உறுதியா இருந்தா நல்லதுதானே?" என்று மாஸ்டர் கேள்வியாகவே பதில் சொன்னார். இருந்ததிலேயே நீளமானவற்றைப் பத்மஜா எடுத்தாள்.

"விசையைப் போடட்டுங்களா?"

"நீங்க போட்டாத்தான் சரி" என்று அவர் ஓர் அடி பின்வாங்கினார்.

விசையைப் போட்டாள். இயந்திரம் ஹௌரா எக்ஸ்பிரஸ்போல ஊளையிட்டது. மேசை நடுங்கிற்று. நடுங்கியதோடு நிற்காமல் நடக்கவும் ஆரம்பித்து, வாசல் பக்கம் ஒரு சாண் நகர்ந்தது. உளிகள் எல்லாம் கலகலவென்று கீழே கொட்டின. பத்மஜா பாய்ந்து விசையை அணைத்தாள்.

"பாப்ரே!" என்று மாஸ்டர் மார்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்: "வேகம் அதிகம். இல்லையா?"

பத்மஜாவுக்குச் சிலிர்த்தது. வாயால் சொல்லிக்கொடுத்தால் மறந்துபோகும். தப்பை நடக்கவிட்டு, நாமே உணரும்படி செய்து, பிறகு அதையும் கேள்வியாகக் கேட்கிறார். "ஆமாங்க மாஸ்டர்மொஷாய். குறைக்கணும்."

இருவரும் குனிந்து தேடி, வேகத்தைக் குறைக்கும் திருகைக் கண்டுபிடித்தார்கள். மேசையைப் பழைய இடத்துக்குத் தள்ளினார்கள். இந்த முறை மரம் சாந்தமாகச் சுற்றியது.

பத்மஜா வளைந்த உளியை எடுத்து, தாங்குகட்டைமேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மரத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

டமால்!

உளி கையிலிருந்து துள்ளியது. தேங்காய்ச் சில்லு அளவுக்கு ஒரு துண்டு பறந்துபோய்த் தகரக் கூரையில் அடித்து, எங்கோ விழுந்தது. கூரைப் புறாக்கள் எல்லாம் இடத்தைக் காலி செய்தன.

"இது இப்படித்தான் ஆகுமா?" என்று மாஸ்டர் மெதுவாகக் கேட்டார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். "ஆகக் கூடாதுங்க" என்றாள் தலை குனிந்து.

"அப்போ, ஏன் ஆச்சு?"

பத்மஜா தணிக்கைக் கண்ணை இயந்திரத்தின் பக்கம் திருப்பினாள். உளி, கை, மரம், தாங்குகட்டை. ஆ! தாங்குகட்டைக்கும் மரத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. உளிக்குப் பிடிப்பே இல்லை. கட்டையை மரத்தருகே நகர்த்தி, ஒரு விரல் இடைவெளியில் இறுக்கினாள்.

"அடடே!" என்று மாஸ்டர் வியந்தார். அந்த வியப்பில் துளி நடிப்பு இல்லை. நாற்பது வருஷம் சொல்லிக்கொடுத்த பிறகும், ஒவ்வொரு மாணவர் கண்டுபிடிக்கும்போதும் தானும் புதிதாகக் கண்டுபிடிப்பதுபோல மகிழ இவரால் முடிகிறது.

தோசைக்கல் இப்போது சாப்பாட்டுத் தட்டாகியிருந்தது. பறந்துபோன சில்லின் தடத்தைச் சுற்றிலும் செதுக்கி எடுத்தால்தான் வட்டம் சரியாகும்.

"நான் ஒரு தடவை பிடிக்கலாமா?" என்று மாஸ்டர் கேட்டார். அனுமதி கேட்டார்! அவரே பிடித்தார். இரண்டு நிமிடம் அழகாகச் செதுக்கினார். மூன்றாவது நிமிடம், டமால்! விளிம்பில் பாதி போயிற்று.

அவர் முகம் சிவந்துபோனது. "மன்னிச்சிடுங்க திதிமணி."

பத்மஜாவுக்குக் கண் கலங்கிற்று. தன் மனம் தளர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, தானும் அதே தப்பை வேண்டுமென்றே செய்து, அதற்கு மன்னிப்பும் கேட்கிறார். வயலின் வாத்தியாரை நினைத்துப் பார்த்தாள். அந்த மனுஷன் அவள் வயலினைத்தான் குறை சொன்னான்.

சாப்பாட்டுத் தட்டு டிபன் தட்டாகியது. டிபன் தட்டில் ஒரு விரிசல் தெரிந்தது. விரிசல் போகும்வரை செதுக்கியதில் அது காப்பி டபராவின் அகலத்துக்கு வந்து நின்றது. ராத்திரி தயிர் சாதத்தை மூன்று தவணையாகத்தான் பரிமாற வேண்டியிருக்கும்.

கைப்பேசி அடித்தது. மஹிமா.

"ம்மா, ஒரு மணி நேரமாச்சு. எங்கே இருக்கே? ஷாப்பிங்கா?"

"கிளாஸ்லதான்டி இருக்கேன்."

"இன்னுமா? வாத்தியார் எப்படி?"

பத்மஜா திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் தரையில் முழந்தாளிட்டு, சிதறிய உளிகளைப் பொறுக்கித் துடைத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மஹி, இந்த மனுஷர்கிட்ட ஒரு குறைகூடக் கண்டுபிடிக்க முடியலை."

மறுமுனையில், "ப்பா, இங்கே வாயேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கு" என்று கேட்டது. பத்மஜா கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

மறுபடி உளியை எடுத்தாள். இனிமேல் ஒரு டமால் என்றால் கிண்ணம் இல்லை, பம்பரம்தான்.

மாஸ்டர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். சுற்றும் மரத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு, தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்:

"வருஷா வருஷம் வகுப்புல பசங்களுக்குச் சொல்றதுதான். பூமிதான் சுத்துது. நாம நிக்கறோம். அதைத் துரத்திக்கிட்டு யாரும் ஓடறதில்லை. பகல் தானா வருது, ராத்திரி தானா வருது. இதுவும் அப்படித்தானே?"

பத்மஜாவின் தோள்கள் தளர்ந்தன. இவ்வளவு நேரமும் அவள் உளியை மரத்துக்குள் குத்தப் பார்த்திருக்கிறாள், கோப்புக்குள் பேனாவைக் குத்துவதுபோல. இப்போது உளியின் முதுகைச் சும்மா மரத்தின்மேல் சாய்த்தாள். மரம் வரட்டும் என்று நின்றாள். பிடியை ஒரு நூல், ஒரே ஒரு நூல் உயர்த்தினாள்.

'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். உளி முனையிலிருந்து மரம் நீள நீளமாக, இடியாப்பம்போலப் பிழிந்துகொண்டு வந்து அவள் புறங்கைமேல் விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. மாமரத்தின் இளம்புளிப்பு வாசனை மூக்கில் ஏறிற்று. மங்கலாகச் சுற்றிக்கொண்டிருந்த கட்டையிலிருந்து, வழவழவென்று ஒரு வளைவு வெளியே வந்தது. யாரும் வரைந்து கொடுக்காத வளைவு.

"கூப் பாலோ, ரொம்ப நல்லா வருது..." என்றார் மாஸ்டர், குரலே எழும்பாமல். "இப்படி ஒரு கையை நான் பார்த்ததே இல்லை."

நாற்பது வருஷத்தில் பார்த்ததே இல்லையாம்! பத்மஜா அழாமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டால் மூன்றாம் விதி கெட்டுவிடும்.

இருவரும் மாறி மாறிக் குடைந்தார்கள். அவள் பத்து நிமிடம், அவர் பத்து நிமிடம். உளியைக் கையால் தள்ளாமல் உடம்பைச் சாய்த்து நகர்த்த அவர் கற்றதை அவள் பார்த்துச் செய்தாள். அவள் பிடியை ஒரு நூல் உயர்த்தியதை அவர் பார்த்துச் செய்தார். உள்பக்கம் பள்ளமாகி, கிண்ணமாகி, இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரே கொஞ்சம் என்று போனபோது, உள்ளேயிருந்து கிர்ரென்று தீப்பொறி பறந்தது.

விசையை அணைத்தார்கள். கிண்ணத்தின் அடியில் நாலு திருகாணி முனைகளும், பூமியைப் பிளந்துகொண்டு வந்த காளான்கள்போல எட்டிப் பார்த்தன.

திருகாணிகளைக் கழற்றினார்கள். கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்கள். நாலு ஓட்டை வழியாகவும் கிடர்பூர் தெரிந்தது.

"இடியாப்ப அச்சு" என்று முனகினாள் பத்மஜா. தயிர் சாதத்தில் சாதம் மட்டும் தங்கும்.

மாஸ்டர் ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "திருகாணி... நான் அப்பவே யோசிச்சிருக்கணும்" என்று தாடியைப் பிசைந்தார். முதல் தடவையாக அவர் தோற்றுப்போனவர்போலத் தெரிந்தார்.

இதுதான் பத்மஜா மூட்டை கட்டும் கட்டம். நீச்சல்குளத்திலும், கேக் அடுப்படியிலும், வயலின் வீட்டிலும் சரியாக இந்த இடத்தில்தான் அவள் செருப்பை மாட்டியிருக்கிறாள். நீளத் திருகாணிக்குத் தலையாட்டியவர் அவர். தெளிவான தவறு. ஆட்சேபம் எழுத முதல்தர இடம்.

அவள் செருப்பைப் பார்த்தாள். முக்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். பிறகு குப்பைத் தொட்டியில் கையை விட்டு ஒரு கறுப்பு ஈட்டிமரத் துண்டைத் தேடி எடுத்தாள்.

"மாஸ்டர்மொஷாய், எழுந்திரிங்க. ஓட்டையை மறைக்க வேண்டாம். நல்லாத் தெரியற மாதிரி அடைச்சுடலாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கொழுக்கட்டைக் கண்கள் இன்னும் பெரிதாகின.

அவள் ஈட்டிமரத்தை ஈர்க்குச்சி கனத்துக்குச் சீவினாள். அவர் பசை தடவித் தட்டினார். காயும்வரை மீதி சந்தேஷைப் பங்கிட்டுத் தின்றார்கள். நீட்டிக்கொண்டிருந்ததை வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். மெருகுக்கு அலமாரியிலிருந்த ஒரு டப்பா எண்ணெயை மாஸ்டர் தடவினார். தடவிய பிறகுதான் அது கடுகெண்ணெய் என்று மூக்குக்குத் தெரிந்தது. காவலாளி சமையலுக்கு வைத்திருந்தது போலும்.

ஆனால் அந்த எண்ணெய் பட்டதும் மரம் விழித்துக்கொண்டது. தேன் நிறத்தில் ரேகைகள் எழும்பி வந்தன. அடியில் நாலு கறுப்புப் புள்ளிகள், கோலத்துக்கு வைத்ததுபோல, அங்கேயே பிறந்தவைபோல உட்கார்ந்திருந்தன.

பத்மஜா கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் கனம் கூடுதல். விளிம்பில் ஒரு சின்ன அலை. மேசையில் வைத்தால் லேசாக ஆடும். மூன்று குறை. மூன்றும் தெரிந்தது. ஒன்றைக்கூடச் சொல்லத் தோன்றவில்லை.

"எடுத்துக்கோங்க மாஸ்டர்மொஷாய். இது உங்களோடது" என்று நீட்டினாள்.

"ஐயோ, நான் எப்படி? நீங்க இல்லேன்னா இது விறகு. உங்களோடதுதான்."

"நீங்க சொல்லிக்கொடுத்தது."

"நீங்க சொல்லிக்கொடுத்தது!" என்றார் அவரும். என்ன பணிவு! பத்மஜாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. யார் காலிலும் விழாதவள் அவள். ஒரு தலைமைத் தணிக்கையாளர் காலில்கூட விழுந்ததில்லை. சட்டென்று குனிந்து அவர் பாதத்தைத் தொடப் போனாள். அதே நொடியில் அவரும் குனிந்தார். இரண்டு தலைகளும் ணங்கென்று மோதிக்கொண்டன.

இருவரும் நெற்றியைத் தடவிக்கொண்டே, கிண்ணத்தை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்தபடி நிமிர்ந்தபோது, வாசலில் காவலாளி கைப்பேசியும் கையுமாக மூச்சிரைக்க வந்து நின்றான்.

"மாஸ்டர் இப்பத்தான் போன் பண்ணினாரு. அவர் வந்த ரயில் பர்த்தமான்கிட்ட காலையிலேர்ந்து நகரவே இல்லையாம். புதுசா வந்திருக்கற ஸ்டூடன்ட்ஸ் ரெண்டு பேரையும், மிஷின்மேல கைகூட வைக்காம, வீட்டுக்குப் போயிட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை வரச் சொன்னாரு."